டர்போ வண்டி கால் வைத்ததும் இழுக்க வேண்டும் என்றால்

கேள்வி இது: "ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார், மேனுவல் கியர். வாங்கி மூன்று வருடம், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊருக்குள் ஸ்பீடு பிரேக்கர் தாண்டி இரண்டாவது கியரில் கால் வைத்தால் ஒரு விநாடிக்கு மேல் ஒன்றுமே நடப்பதில்லை. அப்புறம் ஒரேயடியாகத் தூக்குகிறது. வால்பாறை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் இது பெரிய தொல்லை. பெடல் பாக்ஸ் போதுமா, ஸ்டேஜ் 1 ரீமேப் போடலாமா, பெரிய டர்போவோ பெரிய இன்டர்கூலரோ வைக்க வேண்டுமா?"

நான்கு கேள்விக்கும் முதலில் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன். பெடல் பாக்ஸ் (ஆக்சிலேட்டர் பெடலின் சிக்னலை மிகைப்படுத்தும் சிறு கருவி) வேண்டாம். பெரிய டர்போ வேண்டவே வேண்டாம். பெரிய இன்டர்கூலர் (டர்போ இறுக்கிய சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) உங்கள் வண்டிக்கு நன்மையைவிடக் கெடுதல் அதிகம் செய்யும். ரீமேப், அதாவது என்ஜின் கணினியின் மென்பொருளைத் திருத்துவது, செய்யலாம்; ஆனால் அது மூன்றாவது வேலை. ஏன் என்பதற்குத்தான் மீதிப் பதில் முழுவதும். ரீமேப் பற்றி என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் "எவ்வளவு குதிரைத்திறன் ஏறும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கால் வைத்ததும் இழுக்க வேண்டும் என்று கேட்பவர் குறைவு. தினமும் ஓட்டுகிற வண்டிக்குக் கேட்க வேண்டிய கேள்வி உங்களுடையதுதான்.

டர்போ என்பது, என்ஜின் வெளியே தள்ளும் புகையால் டர்பைன் என்ற சக்கரத்தைச் சுற்றி, அதைக்கொண்டு காற்றை இறுக்கி என்ஜினுக்குள் தள்ளும் கருவி. அந்தக் கூடுதல் காற்றழுத்தம்தான் பூஸ்ட். டர்போ லேக் (தாமதம்) என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் எந்த வைத்தியமும் பலிக்காது. ஒன்று, டர்போ விழிக்கும் வேகம். என்ஜின் 1,200 ஆர்பிஎம்மில் ஓடும்போது வெளியே போகிற புகையின் அளவே குறைவு. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்தப் புகையால் டர்பைனை முழு பூஸ்ட் தரும் அளவுக்குச் சுற்றவைக்க முடியாது. இது லேக் அல்ல, வரம்பு. இரண்டாவது, உண்மையான லேக். 2,200 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். டர்போவுக்குத் தேவையான புகை கிடைக்கும். ஆனாலும் கால் வைத்ததிலிருந்து சக்கரம் வேகமெடுக்கும்வரை ஒரு இடைவெளி இருக்கிறது. முதலாவதை கியர் மாற்றித்தான் தீர்க்க வேண்டும். இரண்டாவதைத்தான் ட்யூனிங் தீர்க்கும்.

உங்கள் ஸ்பீடு பிரேக்கர் கதையில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். ஸ்பீடு பிரேக்கர் தாண்டி இரண்டாவது கியரில் 12, 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் என்ஜின் கிட்டத்தட்ட ஐடிலுக்குச் சற்று மேலேதான் இருக்கும். அங்கே நீங்கள் ஓட்டுவது டர்போ இல்லாத ஒரு லிட்டர் என்ஜினை.

"ஆனால் புத்தகத்தில் 1,750-லேயே முழு டார்க் என்று போட்டிருக்கிறதே?" என்று கேட்பீர்கள். நம் ஊரில் விற்கிற ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் 170-லிருந்து 180 நியூட்டன் மீட்டர் வரை டார்க் (என்ஜினின் திருப்புவிசை), 1,500 அல்லது 1,750 ஆர்பிஎம்மிலிருந்து என்று போட்டிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கோடு எப்படி வரையப்படுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். என்ஜினை டைனோவில் (இழுவையை அளக்கும் மேடையில்) கட்டி, 1,750-ல் வேகத்தைப் பிடித்து நிறுத்தி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து, எல்லாம் நிலைக்கு வந்த பிறகு அளக்கிறார்கள். டர்போவுக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடுகிறது. சாலையில் இரண்டாவது கியரில் அந்த நேரத்தை யாரும் தருவதில்லை. டர்போ சுற்றி எழுவதற்குள் என்ஜின் 1,750-ஐத் தாண்டி 2,500-க்குப் போய்விடும். அதனால்தான் ஒரே வண்டி நான்காவது கியரில் 1,800-லேயே பூஸ்ட் காட்டும், இரண்டாவதில் 2,500 வரை இழுத்தடிக்கும். ஆகவே புத்தகத்தில் உள்ள டார்க் கோட்டைப் பார்த்து ரெஸ்பான்ஸை எடைபோட முடியாது.

சிறிய கார்களின் டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியவை. ஊருக்குள் சும்மா உருளும்போது அதில் ஒரு சிறு பங்குதான் சுற்றும். அங்கிருந்து ஒரு விநாடிக்குள் மேலே ஏற்ற வேண்டும். இங்கேதான் பெரிய டர்போ ஆசை இடறுகிறது. ஒரே வடிவத்தில் சக்கரத்தைப் பெரிதாக்கினால், அதைச் சுழலவைப்பதற்கான தடை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். விட்டம் 10 சதவீதம் கூடினால் தடை சுமார் 60 சதவீதம் கூடும். 20 சதவீதம் கூடினால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. மேல்முனையில் கொஞ்சம் கூடுதல் பவர் வாங்க, கீழ்முனையில் கொடுக்கிற விலை இது. ஊருக்குள்ளும் மலையிலும் ஓட்டுகிறவருக்கு இது நஷ்ட வியாபாரம்.

கார் உலகம் இதை ஏற்கெனவே பட்டுக் கற்றிருக்கிறது. 1975-ல் வந்த போர்ஷே 911 டர்போ 260 குதிரைத்திறன் கொண்ட அருமையான வண்டி. ஆனால் வளைவின் நடுவில் காலை வைத்துக் காத்திருந்தால், வேண்டாத நேரத்தில் பூஸ்ட் வந்து பின்பக்கத்தைத் தள்ளும் என்று பெயரெடுத்தது. அதே பத்தாண்டில் ஸ்வீடனின் சாப் நிறுவனம் வேறு வழியில் போனது. 1977-ல் காட்டிய 99 டர்போவில் சிறிய டர்போவை வைத்து, அதிகமாகும் புகையை வேஸ்ட்கேட் (டர்பைனைத் தொடாமல் புகையை விலக்கி விடும் கதவு) வழியே வெளியே விட்டார்கள். உச்ச பவரைத் துரத்தாமல், சாதாரணமாக ஓட்டுகிற வேகங்களில் இழுவை கிடைக்கும்படி அமைத்தார்கள். இன்று நீங்கள் ஓட்டுகிற ஒரு லிட்டர் டர்போ அந்தச் சிந்தனையின் பேரப்பிள்ளை. அதில் பெரிய டர்போ வைப்பது அந்த வண்டியின் பிறவிக் குணத்தையே கெடுப்பது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை, வண்டிக்கு நோய் இருக்கிறதா என்று பார்ப்பது. 38,000 கிலோமீட்டர் ஓடிய டர்போ வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது காற்றுக் கசிவைத்தான். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக த்ராட்டில் (என்ஜினுக்குள் காற்றை விடும் கதவு) வரை போகிற ஹோஸ்களில் எங்காவது கிளாம்ப் தளர்ந்திருக்கும், ரப்பர் ஓ-ரிங் நசுங்கியிருக்கும், ஹோஸ் மடிப்பில் முடி போன்ற விரிசல் இருக்கும். ஐடிலில் எதுவும் தெரியாது. பூஸ்ட் ஏறினால்தான் வாய் திறக்கும். ஈசியூ, அதாவது என்ஜினை ஆளும் கணினி, கெட்டிக்காரத்தனமாக வேஸ்ட்கேட்டை இன்னும் இறுக்கி மூடி, டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றவைத்து, கேட்ட பூஸ்டை எப்படியோ கொண்டுவந்துவிடும். அதனால் எச்சரிக்கை விளக்கு எரியாது. கால் வைத்தபின் வரும் தாமதமாக மட்டுமே உங்களுக்குத் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஆடம்பரக் கருவி எதுவும் வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகிற குழாயைக் கழற்றி, அந்த வாயில் பொருந்துகிற பிவிசி மூடி ஒன்றைப் போட்டு, மூடியில் ஒரு டியூப் வால்வைப் பொருத்துங்கள். பஞ்சர் கடைக் காற்றுக் குழாயால் 10 முதல் 12 பிஎஸ்ஐ வரை மெதுவாக ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். பிறகு பஞ்சர் பார்க்கிற அதே சோப்புத் தண்ணீர். ஒவ்வொரு மூட்டிலும் ஊற்றிப் பாருங்கள். என்ஜினுக்குள் வால்வுகள் வழியே கொஞ்சம் கசிவது இயல்பு. உள்ளே எங்கோ லேசாக 'ஸ்ஸ்' என்று கேட்கும். ஹோஸ் மூட்டில் நுரை பொங்கக் கூடாது.

சென்ற வருடம் நண்பர் ஒருவர் இதே புகாரோடு வந்தார். ஒரு கடையில் ஸ்டேஜ் 1 போட்டுவிட்டு வந்திருந்தார். லேக் குறைந்தபாடில்லை, தூக்கல் மட்டும் முரட்டுத்தனமாகிவிட்டது. மேலே சொன்ன மாதிரி சோதித்தோம். 8 பிஎஸ்ஐ வரை சுத்தம். 9-ஐத் தொட்டதும் இன்டர்கூலருக்குக் கீழே உள்ள ஹோஸின் அடிப்பக்கம், கண்ணுக்கே தெரியாத இடத்தில், நுரை ஒரு கோழிமுட்டை அளவுக்கு ஊதி எழுந்தது. கையால் தடவினால் ரப்பரில் எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்துவிட்டு மடக்கிப் பார்த்தால் விரலகலத்துக்கு விரிசல். ஹோஸ் மாற்றினோம். ரீமேப்பை அழித்து, கம்பெனி மேப்பையே திரும்ப ஏற்றினோம். "இது போதும், வேறு எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அவர் கேட்ட ரெஸ்பான்ஸ் முதலிலிருந்தே அந்த வண்டிக்குள் இருந்தது.

கசிவு இல்லை என்றானதும் பார்க்க வேண்டியவை: ஸ்பார்க் பிளக் (டர்போ பெட்ரோலில் பிளக் இடைவெளி விரிந்தால் பூஸ்ட் ஏறும் நேரத்தில் தீப்பொறி தடுமாறும்), ஏர் ஃபில்டர், டைவர்ட்டர் வால்வு (கால் எடுத்ததும் மிச்சக் காற்றை டர்போவின் வாய்க்கே திருப்பும் வால்வு), வேஸ்ட்கேட் முழுதாக மூடுகிறதா என்பது. என்ஜின் மவுன்ட்டையும் விட்டுவிடாதீர்கள். மூன்று சிலிண்டர் வண்டியில் மவுன்ட் தளர்ந்தால், கால் வைத்ததும் என்ஜின் முதலில் தானே புரண்டு படுத்து, அப்புறம்தான் வண்டியை இழுக்கும். அதையும் லேக் என்றே கால் உணரும்.

இரண்டாவது வேலை அளப்பது. ஒரு ஓபிடி டாங்கிளும் (ஈசியூவின் தகவலைப் படிக்க வண்டியில் செருகும் சிறு கருவி) போனில் ஒரு செயலியும் போதும். போக்குவரத்து இல்லாத, சமமான, நீளமான ஒரு சாலைத் துண்டைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ஒருவர் போனைப் பார்க்கட்டும். நீங்கள் சாலையை மட்டும் பாருங்கள். மூன்றாவது கியரில் 1,500-ல் நிலையாக உருண்டு, ஒரே அடியில் காலை முழுதாக வையுங்கள். 4,000 வந்ததும் எடுங்கள். பிறகு 2,000-லிருந்து, அப்புறம் 2,500-லிருந்து. ஒவ்வொன்றும் இரண்டு முறை. பதிவு செய்ய வேண்டியவை: பெடல் நிலை, த்ராட்டில் நிலை, ஈசியூ கேட்கிற பூஸ்ட், கிடைக்கிற பூஸ்ட், வேஸ்ட்கேட் நிலை, இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) காரணமாகக் குறைக்கப்படும் டைமிங், உள்ளே போகும் காற்றின் வெப்பம்.

இந்தக் கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி ட்யூனிங் முடிந்தது. பெடல் கோடு செங்குத்தாக எழுந்து, த்ராட்டில் கோடு சாவகாசமாக எழுகிறதா? தாமதம் மென்பொருளில் இருக்கிறது. த்ராட்டில் உடனே திறந்து, கேட்கிற பூஸ்ட் மெதுவாக ஏறுகிறதா? கம்பெனியே டார்க்கைப் படிப்படியாகத் தரச் சொல்லியிருக்கிறது. ரீமேப்பில் இதற்கு மருந்து உண்டு. கேட்கிற பூஸ்ட் உடனே எழுந்தும் கிடைக்கிற பூஸ்ட் பின்தங்கினால், வேஸ்ட்கேட்டைப் பாருங்கள். அது முழுதாக மூடியிருந்தால் டர்போ தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறது. மூடாமல் இருந்தால் அதுதான் குற்றவாளி. பெடல் பாக்ஸ் வேண்டாம் என்று சொன்னதன் காரணமும் இங்கேயே தெரியும். அது பெடலிலிருந்து போகிற சிக்னலை மிகைப்படுத்துகிறது, அவ்வளவுதான். நீங்கள் 30 சதவீதம் அழுத்தினால் ஈசியூவிடம் 60 என்று சொல்லும். முழுதாக அழுத்தும்போது அதனால் ஒரு மில்லி விநாடிகூட மிச்சமாகாது.

இப்போது மூன்றாவது வேலை, ரீமேப். இன்றைய ஈசியூக்கள் பெரும்பாலும் டார்க்கை வைத்துக் கணக்குப் போடுகின்றன. உங்கள் கால் கேட்பது ஒரு டார்க் அளவு. அதற்கு எவ்வளவு காற்று வேண்டும், அந்தக் காற்றுக்கு த்ராட்டிலும் வேஸ்ட்கேட்டும் எங்கே நிற்க வேண்டும் என்று ஈசியூ பின்னோக்கிக் கணக்கிடுகிறது. ரெஸ்பான்ஸுக்காக ட்யூன் செய்பவர் கை வைக்க வேண்டிய முதல் இடம் உச்ச பூஸ்ட் அல்ல, பாதிக் காலில் வேஸ்ட்கேட் இருக்கும் நிலை. எரிபொருளைச் சேமிக்க, நிதானமாக ஓட்டும்போது பல வண்டிகளில் வேஸ்ட்கேட்டைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். புகை டர்பைனைச் சுற்றிக்கொண்டு போய்விடுவதால் என்ஜினுக்கு மூச்சு இலகுவாகிறது, மைலேஜ் கிடைக்கிறது; டர்போ மட்டும் தூங்கிவிடுகிறது. 1,600-க்கும் 2,800-க்கும் இடையில், பாதிக் காலில், வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் மூடிவைத்தால் டர்போ ஏற்கெனவே அரைத் தூக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். த்ராட்டிலுக்கு முன்னால் சிறிது அழுத்தம் காத்திருக்கும். கால் வைத்ததும் அது உள்ளே பாயும். மைலேஜ் ஓரளவு குறையும். என் கருத்தில், கொடுக்கத் தகுந்த விலை.

அடுத்து, நீங்கள் சொன்ன "ஒரேயடியாகத் தூக்குகிறது". இது தனிப் புகார் போலத் தெரிந்தாலும் முதல் புகாரின் மறுபக்கம். பூஸ்ட் கட்டுப்பாட்டில் ஒரு பகுதி, கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள குறையைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வரும். டர்போ எழாத அந்த ஒரு விநாடி முழுக்கக் குறை சேர்ந்துகொண்டே இருக்கும். டர்போ விழித்ததும், பாக்கியை வட்டியோடு வசூலிப்பது போல, வேஸ்ட்கேட்டை மூடியே வைத்து, இலக்கைத் தாண்டி எகிறவிடும். பிறகு ஈசியூ பதறி த்ராட்டிலை மூடும். நீங்கள் உணரும் வெட்டு, தூக்கல், மறுபடி வெட்டு எல்லாம் இதுதான். நல்ல ட்யூனர் ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் வேஸ்ட்கேட்டின் அடிப்படை நிலையைச் சரியாக வைத்துவிட்டு, இந்தக் கூட்டல் பகுதியைச் சிறியதாக்குவார். அடிப்படை சரியாக இருந்தால் திருத்தத்துக்கு வேலை குறைவு.

இன்னொன்றையும் சொல்கிறேன், பலருக்குப் பிடிக்காது. ரெஸ்பான்ஸுக்காக ட்யூன் செய்யும்போது 2,200-லிருந்து 2,800 வரை டார்க்கைச் சில இடங்களில் குறைக்கவும் வேண்டியிருக்கும். அங்கே ஒரு மேடு இருந்தால், அதற்கு முன்னால் உள்ள பகுதி பள்ளமாகத் தெரியும். மேட்டைச் சற்றுச் செதுக்கினால் கோடு சீராக ஏறும். கால் எவ்வளவு போகிறதோ அவ்வளவு வண்டி போகும். காலுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இந்த நம்பிக்கையைத்தான் நான் ரெஸ்பான்ஸ் என்கிறேன். மழையில் நனைந்த கொண்டை ஊசியில் முன்சக்கரம் வழுக்காமல் வெளியே வர இது எவ்வளவு உதவும் என்பது மலையில் ஓட்டுகிற உங்களுக்குத் தெரியும்.

வால்வு டைமிங்கும் இருக்கிறது. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் என்ஜின்களில், வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம் தண்டுகளையும் நகர்த்த முடிந்தால், குறைந்த ஆர்பிஎம்மில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்துவைக்கலாம். உள்ளே வரும் காற்றின் அழுத்தம் வெளியே உள்ளதைவிட அதிகமாக இருக்கும்வரை, புதுக்காற்று பழைய புகையைத் தள்ளிக்கொண்டு நேரே டர்பைனுக்குப் போகும். சிலிண்டரும் சுத்தமாகிறது, டர்போவுக்கும் கூடுதல் ஓட்டம். பெட்ரோல் பிறகுதான் தெளிக்கப்படுவதால் வீணாவதில்லை. உங்கள் வண்டிக்குப் பிறவியிலேயே இன்னொரு வசதியும் உண்டு. மூன்று சிலிண்டரில் புகைத் துடிப்புகள் 240 பாகைக்கு ஒன்றாக வருகின்றன. ஒன்று முடிகிற நேரத்தில் அடுத்தது வரும், ஒன்றையொன்று இடிப்பதில்லை. நான்கு சிலிண்டரில் 180 பாகைக்கு ஒன்று என்பதால் மோதிக்கொள்ளும். அதைத் தவிர்க்கத்தான் சிலிண்டர்களை 1-4, 2-3 என்று பிரித்து இரட்டைப் பாதை டர்போ வைக்கிறார்கள். மூன்று சிலிண்டர்காரருக்கு அந்தச் செலவு மிச்சம்.

இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளினால் புகை சூடாகி டர்போ சீக்கிரம் எழும் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் பின்தள்ளிய நொடியில் என்ஜினின் சொந்த டார்க் குறைகிறது. இதன் உச்சக்கட்டம்தான் ரேலி வண்டிகளின் ஆன்டி-லேக். உலக ரேலியில் 1990-களின் நடுவிலிருந்து டர்போ வாயில் 34 மில்லிமீட்டர் துளையுள்ள தடுப்பு கட்டாயமாக இருந்தது. பவர் 300 குதிரைத்திறன் அளவில் முட்டி நின்றதால், அணிகளெல்லாம் கீழ்முனை டார்க்கிலும் ரெஸ்பான்ஸிலும் மூளையைச் செலுத்தின. இரண்டு லிட்டரில் 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் எடுத்தார்கள். ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் பெட்ரோலை எக்ஸாஸ்டிலேயே எரித்து டர்போவைச் சுற்றவைத்தார்கள். அந்த வெடிச்சத்தத்துக்கு ரேலி மேடையில் அர்த்தம் உண்டு. டர்போவையும் மேனிஃபோல்டையும் அடிக்கடி மாற்றுகிற ஆட்கள் அவர்கள். உங்கள் வண்டியில் அதைச் செய்தால் டர்பைனும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) வெந்துபோகும். சாலை வண்டிக்கு, பூஸ்ட் வருவதற்கு முந்தைய பகுதியில் நாக்கிங் அனுமதிக்கும்வரை சரியான டைமிங்கைக் கொடுப்பதே நல்லது. கலவையையும் அங்கே தேவைக்கு மேல் கொழுப்பாக்கக் கூடாது. கூடுதல் பெட்ரோல் புகையைக் குளிர்வித்து டர்போவைச் சோம்பேறியாக்கும்.

இந்தப் பதிலில் ஒரே ஒரு பத்தியை மட்டும் ட்யூனரிடம் காட்டுவதானால் இதைக் காட்டுங்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ என்ஜின்களில் 1,500-லிருந்து 2,500 ஆர்பிஎம் வரை, அதிக பூஸ்டில், தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு. எல்எஸ்பிஐ (குறைந்த வேகத்தில் முன்கூட்டியே பற்றிக்கொள்வது) என்பார்கள். சாதாரண நாக்கிங்கை ஈசியூ டைமிங் குறைத்துச் சமாளிக்கும். இது தீப்பொறிக்கு முன்பே நடப்பதால் டைமிங்குக்குக் கட்டுப்படாது. ஒரே ஒரு நிகழ்வுகூட பிஸ்டனின் ரிங் மேட்டை (ரிங்குகளுக்கு இடையே உள்ள விளிம்பை) உடைத்துவிடக்கூடும். நீங்கள் ரெஸ்பான்ஸ் கேட்பது சரியாக இந்த ஆபத்து குடியிருக்கும் இடத்தில்தான். ஆகவே 1,500-ல் "நல்லா இழுக்கணும்" என்று பூஸ்டை ஏற்றச் சொல்லாதீர்கள். 1,800 வரை கம்பெனி வைத்த டார்க் எல்லையைத் தொடாமல், அந்த எல்லையைச் சீக்கிரம் அடைய வைப்பது மட்டுமே நோக்கமாக இருக்கட்டும். எண்ணெயும் முக்கியம். எண்ணெயில் உள்ள கால்சியம் கலந்த சேர்மானங்கள் இந்தக் கோளாறைத் தூண்டும் என்று கண்டபிறகுதான் 2018-ல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்என் பிளஸ், 2020-ல் ஏபிஐ எஸ்பி தரங்கள் வந்தன. உங்கள் கையேடு சொல்கிற தரத்தோடு எஸ்பி-யும் இருக்கிற எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். நான்காவது, ஐந்தாவது கியரில் 1,400-ல் காலை முழுதாக அழுத்தும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

வெப்பத்துக்கு வருகிறேன். 35 டிகிரி வெயிலில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு இறுக்கினால், டர்போவிலிருந்து வெளிவரும்போது அது சுமார் 130 டிகிரி இருக்கும். இன்டர்கூலர் இல்லாமல் நாக்கிங்கைத் தடுக்க முடியாது. ஆனால் பெரியதாக வைத்தால் நல்லது என்று அர்த்தமில்லை. ஒரு லிட்டர் என்ஜின் 1,500 ஆர்பிஎம்மில் விநாடிக்குச் சுமார் 12 லிட்டர் காற்றை இழுக்கிறது. பெரிய இன்டர்கூலரும் நீண்ட குழாய்களும் சேர்ந்து 4 லிட்டர் கொள்ளளவைக் கூட்டினால், அதை ஒரு பார் பூஸ்டுக்கு நிரப்ப மட்டும், என்ஜின் விநாடியின் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் குடிக்கிற அளவு காற்று வேண்டும். அந்தத் தாமதம் கால் வைக்கும்போதெல்லாம் வரும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ211 என்ஜின்களில் தண்ணீரால் குளிரும் சிறிய இன்டர்கூலரை இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே பொதித்திருப்பது இந்தக் கொள்ளளவைச் சுருக்கத்தான். உங்கள் வண்டியில் வெப்பம் பிரச்சினையா என்பதை நீங்கள் எடுத்த பதிவே சொல்லும். வெளிக்காற்றைவிட 20, 25 டிகிரிக்குள் நின்றால் விட்டுவிடுங்கள்.

பெட்ரோல்: ஆக்டேன் கூடினால் ரெஸ்பான்ஸ் கூடுமா? நாக்கிங் காரணமாக டைமிங் குறைகிறது என்று பதிவில் தெரிந்தால் கூடும். இல்லையென்றால் காசு வீண். ரீமேப் செய்வதானால் 95 ஆக்டேனுக்கு என்று செய்யச் சொல்லி, அதையே தொடர்ந்து போடுங்கள். 100 ஆக்டேனுக்குச் செய்துவிட்டு வால்பாறையில் கிடைத்ததைப் போடுவது என்ஜினுக்கு ஆகாது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் குணம் நல்லது, ஆனால் லிட்டருக்குச் சக்தி குறைவு. அதே டார்க்குக்கு இன்ஜெக்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். ட்யூனர் உங்கள் டேங்கில் உள்ள பெட்ரோலிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்தால் டர்போ சீக்கிரம் எழும் என்பது உண்மை. அதற்காக கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அது சட்டப்படி தப்பு, ஊர்க்காற்றுக்கும் கெடுதல். காற்றை வெளியே விட்டு 'புஸ்' என்று சத்தம் போடும் வால்வும் வேண்டாம். கம்பெனி வால்வு அந்தக் காற்றை டர்போவின் வாய்க்கே திருப்பி அனுப்புகிறது. கியர் மாற்றும் நேரத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க அது உதவுகிறது.

ட்யூனரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? உங்கள் பதிவுகளைக் காட்டுங்கள். அவற்றைப் பார்க்காமல் "ரெடி ஃபைல் இருக்கு, அரை மணி நேரத்தில் ஏத்திடலாம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். பதிவைப் பார்த்து, வேஸ்ட்கேட்டைப் பற்றியும் நாக்கிங்கைப் பற்றியும் உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்பவர்தான் உங்களுக்கான ஆள். கியர்பாக்ஸ் எவ்வளவு டார்க் தாங்கும், கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனி ஃபைலின் நகலை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரன்ட்டி போகலாம் என்பதையும், இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் மனதில் வைத்து முடிவெடுங்கள்.

கடைசியாக வால்பாறை. ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசிகள். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 11 சதவீதம் குறைவு. அதே அளவு காற்றை சிலிண்டருக்குள் தள்ள டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும்; விழிக்கும் வேகமும் மேலே தள்ளிப்போகும். கீழே 1,700-ல் இழுத்த வண்டி மேலே 1,900 கேட்பது கோளாறு இல்லை. வளைவுக்குள் நுழையுமுன்னே கியரைக் குறைத்து முடித்துவிடுங்கள். என்ஜின் 2,000-க்குக் கீழே விழாத கியராக இருக்கட்டும். சில வளைவுகளில் அது முதல் கியர்தான், கூச்சப்பட வேண்டாம். வளைவின் நடுவிலேயே காலை லேசாக, ஒரு பூவை மிதிப்பது போல வைத்து, அப்படியே பிடியுங்கள். புகை ஓடத் தொடங்கும், டர்போ மெல்ல எழும். வழி நேரானதும் மீதிக் காலைக் கொடுங்கள்.

இந்த வாரம் முதலில் அந்த சோப்புத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். கசிவு இல்லையென்றால் 1,500, 2,000, 2,500-லிருந்து எடுத்த மூன்று பதிவுகளையும், அன்றைய வெயில் எவ்வளவு, என்ன பெட்ரோல் என்ற குறிப்பையும் அனுப்புங்கள். வேஸ்ட்கேட் கோட்டையும் நாக்கிங் கோட்டையும் பார்த்துவிட்டு, ரீமேப் வேண்டுமா, ஒரு ஹோஸும் மூன்று பிளக்கும் போதுமா என்று சொல்கிறேன்.